கத்தரி பிடித்த கையில் போன் எதற்கு?

கேள்வி: வீட்டிலேயே தையல் தொழில் செய்கிறேன். துணி வெட்டிக்கொண்டே போன் பேசுவேன், அடுப்பையும் பார்ப்பேன். இப்போதெல்லாம் அளவு பிசகுகிறது. ஒரு நேரத்தில் ஒரு வேலை என்று மாறினால் பிழைப்பு ஓடுமா? சதாவதானிகள் ஒரே நேரத்தில் நூறு வேலை செய்தார்களே!
- வாசகி, கம்பைநல்லூர்

பதில்: நன்றாகவே ஓடும், சகோதரி. தமிழ்ப் புலவர் செய்குத்தம்பிப் பாவலர் 1907-ல் சென்னை விக்டோரியா அரங்கில் சதாவதானம் செய்து காட்டியவர்தான். ஆனால் அவதானம் என்ற சொல்லுக்கே கவனம் என்றுதான் பொருள். முதுகில் விழும் கற்களை எண்ணியபடியே கேட்டவருக்கு வெண்பா சொல்வது, பல்லாண்டு நினைவுப் பயிற்சியில் வந்த கலை. நமக்கு மனம் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவத்தான் செய்கிறது. விட்டுவந்த வேலையின் மிச்சம் மனதில் ஒட்டிக்கொண்டு அடுத்ததைக் கெடுக்கிறது என்று சோஃபி லெராய் என்ற ஆய்வாளர் 2009-ல் எழுதினார். போனை வைத்த பிறகும் உங்கள் கத்தரி தடுமாறுவது அதனால்தான்.

தைத்ததைப் பிரிக்கலாம், வெட்டியதை ஒட்ட முடியாது. அதனால் வெட்டுவதற்கு மட்டும் தனி நேரம் வையுங்கள். சமையலை முடித்துவிட்டு, போனை அடுத்த அறையில் போட்டுவிட்டு, நாலைந்து ரவிக்கைகளை ஒரே மூச்சில் வெட்டுங்கள். ஹூக் வைக்கும்போது தாராளமாகப் பேசலாம், அது கை பழகிய வேலை.