ஸ்பிட்ஃபயரின் சென்னைச் சொந்தம்

கேள்வி: எங்கள் வீட்டு ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஏதோ பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காருக்குச் சொந்தம் என்கிறார் மெக்கானிக். கிண்டலா, நிஜமா? அதைக் கணவாயில் இறக்கலாமா?
– வாசகர், தொப்பூர்

பதில்: நிஜம்தான். 1962-ல் இங்கிலாந்தில் வந்த டிரையம்ப் ஸ்பிட்ஃபயர், ஹெரால்டின் சேஸியைக் குட்டையாக்கி அதன்மேல் கட்டிய இரண்டு சீட் கார். இரண்டையும் வடிவமைத்தவர் இத்தாலிக்காரர் மிக்கெலோட்டி. ஹெரால்டு 1961 முதல் சென்னையிலேயே தயாரானது.

1980 வரை வந்த ஸ்பிட்ஃபயர்கள் 3 லட்சத்துக்கும் மேல். இன்றும் ஆட்கள் அதை விடாததற்கு வேகம் காரணமல்ல என்பேன். கொக்கியை விடுவித்தால் மட்கார்டோடு பானட் மொத்தமும் முன்பக்கம் சாயும். முன் டயர்மேல் உட்கார்ந்தே கார்புரேட்டரைக் கழற்றலாம். உங்கள் ஹெரால்டிலும் அப்படித்தான். புதுக் கார்களில் பானட்டைத் திறந்தால் பிளாஸ்டிக் மூடி தரிசனம்தான்!

ஹெரால்டைத் தொப்பூர் கணவாயில் இறக்கலாம், நிதானமாக. டிரம் பிரேக்கை விடாமல் மிதித்தால் சூடேறிப் பிடிப்பு போய்விடும். சேலம் பக்கம் இறக்கம் தொடங்கும் முன்பே கியரைக் குறையுங்கள். இன்னொன்று, வளைவுக்குள் வேகமாகப் போய் ஆக்ஸிலரேட்டரிலிருந்து சட்டென்று காலை எடுக்காதீர்கள். ஸ்விங் ஆக்ஸில் என்பதால் பின்சக்கரம் உள்ளே மடங்கி, வண்டியின் பின்பக்கம் வீசிவிடும். ஸ்பிட்ஃபயருக்கும் இதே வியாதி உண்டு.