கேஜ் தெரிந்தால் ரயில் புரியும்

திருப்பூரில் 'கேஜ்' என்று சொன்னால் எல்லோருக்கும் நிட்டிங் மெஷின்தான் ஞாபகம் வரும். ஒரு அங்குலத்தில் எத்தனை ஊசி என்பது அங்கே கேஜ். ரயிலிலும் கேஜ் உண்டு, ஆனால் கணக்கு வேறு. இரண்டு தண்டவாளங்களின் உள்பக்க இடைவெளிதான் ரயில் கேஜ். இந்த ஓர் அளவைத் தெரிந்துகொண்டு போனால் ரயில் அருங்காட்சியகம் நன்றாகப் புரியும். வீட்டில் மாதிரி ரயில் செய்வதற்கும் இதுவே முதல் பாடம்.

நம்ம மாவட்டத்தின் இரண்டு பாதைகள்

ஊத்துக்குளி, திருப்பூர் வழியாகப் போகும் ஈரோடு–கோவை பாதை அகலப்பாதை. அதன் கேஜ் 1,676 மி.மீ. உடுமலைப்பேட்டை வழியாகப் போகும் திண்டுக்கல்–பொள்ளாச்சி பாதை முன்பு மீட்டர் கேஜ், அதாவது 1,000 மி.மீ. ஒன்றின் பெட்டி மற்றதில் ஓடாது. இரண்டு கேஜும் சந்திக்கும் இடத்தில் மூட்டைகளை இறக்கி, வேறு வண்டியில் ஏற்றணும். நேரமும் கூலியும் கூடும். நாடு முழுக்க அகலப்பாதையாக மாற்றியதற்கு இது முக்கியக் காரணம்.

பழனி–பொள்ளாச்சி இடையே 2015-இல் அகலப்பாதையில் ரயில் ஓட ஆரம்பித்தது. பழைய மீட்டர் கேஜ் வண்டியில் போய்வந்த தாத்தா, பாட்டிகள் உடுமலையில் இன்னும் இருக்காங்க. பேரப்பிள்ளைகளுக்கு அந்த வண்டி தெரியாது. அதை எங்கே காட்டுவது?

எங்கே பார்க்கலாம்?

மேட்டுப்பாளையம்: தமிழ்நாட்டில் இன்றும் ஓடும் மீட்டர் கேஜ், நீலகிரி மலை ரயில்தான். குன்னூர் வரை 1899-இலும், ஊட்டி வரை 1908-இலும் ஓடத் தொடங்கியது. மொத்தம் 46 கி.மீ. 2005-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. கல்லாறு–குன்னூர் இடையே சில இடங்களில் 12.5 மீட்டர் போனால் 1 மீட்டர் உயரம் ஏறணும். அதனால் தண்டவாளங்களுக்கு நடுவே பல் வைத்த இரும்புப் பட்டைகள் இருக்கு. இன்ஜினின் பல் சக்கரம் அதைப் பிடித்து ஏறும். மேலே போகும்போது இன்ஜின் கீழ்ப்பக்கம் நின்று பெட்டிகளைத் தள்ளும். பிள்ளைகளிடம் "ஏன் இழுக்காமல் தள்ளுது?" என்று கேளுங்க. கொக்கி அறுந்தாலும் பெட்டி கீழே உருண்டுவிடக் கூடாது என்பதே பதில்.

திருச்சி: 2014-இல் திறந்த ரயில் அருங்காட்சியகம். பழைய இன்ஜின்கள், ரயில்வே கருவிகள், படங்கள் பார்க்கலாம்.

சென்னை: 1955-இல் தொடங்கிய ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலையை ஒட்டி, வில்லிவாக்கம் பக்கம் உள்ள அருங்காட்சியகம். 2002-இல் திறக்கப்பட்டது. குழந்தைகள் ஏறிப் போகும் சின்ன ரயிலும் உண்டு.

விடுமுறை நாள், நேரம், கட்டணம் மூன்றையும் கேட்டுக்கொண்டு கிளம்புங்க.

வீட்டிலேயே ஒரு மாதிரிப் பெட்டி

மாதிரி ரயில் செய்வது உலகம் முழுக்க உள்ள பொழுதுபோக்கு. புனேயில் பி.எஸ். ஜோஷி உருவாக்கிய மினியேச்சர் ரயில் அருங்காட்சியகம் 1998-இல் திறக்கப்பட்டது. இந்தப் பொழுதுபோக்கில் அதிகம் புழங்கும் அளவு 'எச்.ஓ.'. நிஜத்தில் 87 மி.மீ. என்றால் மாதிரியில் 1 மி.மீ. எந்த அளவையும் 87-ஆல் வகுத்தால் போதும்.

பழைய நீல நிற ஐ.சி.எஃப். பெட்டியை எடுத்துக்கொள்வோம்.

• நீளம் 21,337 மி.மீ. – மாதிரியில் 245 மி.மீ.
• அகலம் 3,245 மி.மீ. – மாதிரியில் 37 மி.மீ.
• தண்டவாளத்திலிருந்து கூரை வரை 4,025 மி.மீ. – மாதிரியில் 46 மி.மீ.
• ஐந்தரை அடி ஆள் – மாதிரியில் 19 மி.மீ.

இதற்குக் காசு செலவே வேண்டாம். பனியன் பேக்கிங் அட்டையில் பெட்டியை வெட்டி ஒட்டுங்க. காலி நூல் கோன்களைச் சாய்த்து அடுக்கி, மேலே பச்சை கட்டிங் வேஸ்ட் துணியைப் போர்த்தினால் மலை ரெடி. பிளேடு வேலையைப் பெரியவங்க செய்யட்டும்.

இங்கே ஒரு விஷயம் கவனிக்கணும். கடையில் கிடைக்கும் எச்.ஓ. தண்டவாளத்தின் கேஜ் 16.5 மி.மீ. அது வெளிநாடுகளில் அதிகம் உள்ள 1,435 மி.மீ. பாதைக்கான கணக்கு. நம்ம அகலப்பாதைக்கு 19 மி.மீ.-க்குச் சற்று அதிகம் வரணும். மலை ரயிலுக்கு 11.5 மி.மீ. போதும். ஆகவே, அட்டையில் தண்டவாளம் செய்யும்போது எந்தப் பாதை என்று முதலில் முடிவு செய்யுங்க.

பாதுகாப்பு முக்கியம்

அளவு எடுக்கவோ, படம் எடுக்கவோ தண்டவாளத்தில் இறங்க வேண்டாம். உயிருக்கு ஆபத்து. அனுமதியின்றி நுழைவது 1989 ரயில்வே சட்டத்தின் 147-ஆம் பிரிவின்படி குற்றமும் ஆகும். நடைமேடையில் நின்று பார்த்தாலே போதும். ரயில் பயணத்தில் உதவி வேண்டுமென்றால் 139-ஐ அழைக்கலாம்.

இந்த ஞாயிறு லீவில் வீட்டுப் பெரியவங்களிடம் கேளுங்க: மீட்டர் கேஜ் வண்டியில் எங்கே போனீங்க, எவ்வளவு நேரம் ஆச்சு, டிக்கெட் என்ன விலை? அவங்க சொல்வதைத் தேதி போட்டு ஒரு நோட்டில் பிள்ளைகளை எழுதச் சொல்லுங்க. பழைய இன்ஜினை அருங்காட்சியகம் பாதுகாக்கும். அதில் போய்வந்தவங்க நினைவை நாமதான் எழுதி வைக்கணும்.