மோசார்ட் கேட்டால் மூளை வளருமா?

முதலாம் ஆண்டு இடுபணி ஒன்றில், “மோசார்ட் இசை அறிவுத்திறனை உயர்த்தும் என ஆய்வு நிரூபித்துள்ளது” என்று எழுதிக் கொடுத்தேன். விரிவுரையாளர் அவ்வரியின்கீழ்க் கோடிட்டு, “மூலக் கட்டுரையைப் படித்தாயா?” என்று கேட்டிருந்தார். படிக்கவில்லை. அதைவிட மோசம், அதே செய்தியை நம்பி, கருவுற்றிருந்த என் அக்காவிடம் மோசார்ட் குறுவட்டுகளை வாங்கச் சொல்லியிருந்தேன். அவரும் வாங்கிவிட்டார்.

நூலகத்தில் தேடினேன். 1993இல் ‘நேச்சர்’ இதழில் பிரான்சஸ் ராஷரும் சகாக்கள் இருவரும் எழுதிய அக்கட்டுரை ஒரே பக்கம்தான்! அந்த ஒரு பக்கத்தைப் படிக்கத்தான் எனக்குச் சோம்பல்.

யாரைச் சோதித்தார்கள்? 36 கல்லூரி மாணவர்களை. குழந்தை ஒன்றுகூட இல்லை. எதை அளந்தார்கள்? மடித்து வெட்டிய தாளை விரித்தால் எப்படியிருக்கும் என்று மனத்திலேயே காண்பது போன்ற இடஞ்சார் திறனை மட்டும். பத்து நிமிடம் மோசார்ட் கேட்ட பின், அமைதியாக இருந்தபோதும் தளர்வூட்டும் ஒலிநாடா கேட்டபோதும் பெற்றதைவிட 8, 9 புள்ளிகள் கூடின. அந்த ஏற்றமும் 10, 15 நிமிடங்களுக்கு மேல் நிற்கவில்லை. இதையெல்லாம் ஆய்வாளர்களே எழுதியுள்ளனர். ஊதிப் பெருக்கியவர்கள் வேறு. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநில ஆளுநர் செல் மில்லர், பிறக்கும் குழந்தைகளுக்கெல்லாம் இசை வழங்க 1998இல் 105,000 டாலர் கேட்டார். நான் அக்காவிடம் சொன்னதும் அந்த வகைதான்.

என்னை அதிகம் யோசிக்க வைத்தது ஒப்பீடு. சும்மா உட்கார்ந்திருப்பவரைவிட, தளர்வு நாடா கேட்பவரைவிட, துள்ளலான இசை கேட்பவர் விழிப்பாக இருப்பார் அல்லவா? அப்படியானால் கூடியது அறிவா, உற்சாகமா? 2001இல் தாம்சன், ஷெலன்பெர்க், ஹுசைன் ஆகியோர் இதையே சோதித்தனர். அல்பினோனியின் மெதுவான சோக இசைக்கு அப்பலன் இல்லை. கேட்பவரின் மனநிலையையும் விழிப்புநிலையையும் கணக்கில் கொண்டபோது மோசார்ட்டின் பலனும் மறைந்தது. 2010இல் வியன்னா பல்கலைக்கழகத்தார் ஏறத்தாழ 40 ஆய்வுகளை, 3,000 பேருக்கு மேற்பட்டோரின் முடிவுகளை, ஒன்றுசேர்த்துப் பார்த்தபோதும் மோசார்ட்டுக்கென்று தனிச்சிறப்பு தெரியவில்லை. முதல் ஆய்வுக் குழுவைச் சார்ந்தவர்களின் ஆய்வுகளில் பலன் பெரிதாக இருந்ததாம். யார் செய்த ஆய்வு என்பதையும் பார்க்க வேண்டும் என்று அப்போதுதான் உறைத்தது.

இடுபணியைத் திருத்தி எழுதிக் கொடுத்தேன். அது எளிது. அக்காவிடம் சொல்லத்தான் இரண்டு வாரம் ஆயிற்று. “பரவாயில்லை தம்பி, கேட்க நன்றாகத்தான் இருக்கிறது,” என்றார்.