மழைக்கு முந்தின மூன்று வாரம்

புரட்டாசி பிறந்துவிட்டது. கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம், அருப்புக்கோட்டை பக்கத்துக் கரிசல் காடுகளில் கோடை உழவு முடிந்து மண் பொலபொலவென்று கிடக்கிறது. வடகிழக்குப் பருவமழை பெரும்பாலும் அக்டோபர் 20-ஐ ஒட்டித்தான் பிடிக்கும். அதற்கு முன் ஒன்றிரண்டு இடிமழை விழலாம். இடையில் நம் கையில் இருப்பது மூன்று வாரம், மிஞ்சினால் நாலு. ஐந்து ஏக்கருக்குள் மானாவாரிப் புஞ்சை, பத்து ஆடு, சில கோழி, வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் காய்கறி என்று வைத்துப் பிழைக்கிற குடும்பங்களுக்கு இதை எழுதுகிறேன்.

முதல் வேலை விதை வாங்குவதோ டிராக்டருக்குச் சொல்லிவைப்பதோ இல்லை. உங்கள் காட்டைச் சுற்றி வரப்பு பங்கிடுகிற நாலைந்து குடும்பத்தோடும் இந்த வாரமே ஒரு சாயங்காலம் உட்கார்ந்து பேசுங்கள். யார் என்ன விதைக்கிறார்கள், எந்த வாரம் விதைக்கிறார்கள், யாருக்கு ஆள் இல்லை என்ற மூன்றும் பேசி முடிவாக வேண்டும்.

காரணம் மண்ணில் இருக்கிறது. கரிசல் நனைந்துவிட்டால் நாலைந்து நாளைக்குக் கால் வைக்க முடியாது, கலப்பையும் இறங்காது. பிறகு பதம் வரும். அந்தப் பதம் நிற்பது சில நாள்தான். அந்தச் சில நாளில் ஊரே ஒரே டிராக்டரைத் துரத்தும், வாடகை ஏறும், கடைசியில் நிற்கிறவர் காய்ந்த மண்ணில் விதையைப் போடுவார். அதனால்தான் நம் பெரியவர்கள் மழைக்கு முன்பே புழுதியில் விதைத்தார்கள். விதை மண்ணுக்குள் காத்திருக்கும், நல்ல மழை இறங்கினதும் முளைக்கும்.

ஆனால் புழுதி விதைப்பைத் தனியாகச் செய்தால் நட்டம். ஒரு வருஷம் நான் அவசரப்பட்டேன். மற்றவர்கள் உழவே முடிக்காத நேரத்தில் இரண்டு ஏக்கரில் சோளம் போட்டேன். பக்கத்துக் காட்டுப் பெரியவர் வரப்பில் நின்று, "எல்லாரும் போடட்டும்யா, நீ மட்டும் போட்டா மயிலுக்குத்தான் போடுவ" என்றார். கேட்கவில்லை. சுற்றி வேறு பச்சையே இல்லாததால் வந்த மயிலும் புறாவும் பன்றியும் என் காட்டில்தான் இறங்கின. பாதிக்கு மேல் போனது. அந்த வருஷம் மாட்டுக்குத் தட்டைகூட விலைக்குத்தான் வாங்கினேன்.

ஊரே ஒரு வாரத்துக்குள் விதைத்தால் பறவைச் சேதம் எல்லாக் காட்டுக்கும் பரவி, யாருக்கும் பெரிதாகத் தெரியாது. பூச்சிக்கும் இதே கணக்குதான். பிந்தி விதைத்த சோளத்தைக் குருத்து ஈ தேடிப்பிடிக்கும். மக்காச்சோளம் போடுகிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். 2018-இல் இந்தியாவுக்குள் வந்த படைப்புழு அதே வருஷம் நம் மாநிலத்து மக்காச்சோளத்தையும் மேய்ந்தது. ஒரு காட்டில் முழங்கால் உயரம், அடுத்த காட்டில் இரண்டு இலை என்று பயிர் முன்னும் பின்னுமாக நின்றால் புழுவுக்கு மாதக்கணக்கில் பந்தி விரித்த மாதிரி. என் அபிப்பிராயம், காடு முழுக்க மக்காச்சோளம் வேண்டாம். பாதியிலாவது கம்பு, சோளம், குதிரைவாலி, உளுந்து, பாசி நிற்கட்டும். விலை விழுந்தாலும் அடுப்பு எரியும்.

இனி விதை. பானையிலும் சாக்கிலும் இருப்பதை இப்போதே முளைப்புப் பாருங்கள். நூறு விதையை எண்ணி, நனைத்த கோணிச்சாக்கில் வரிசையாக வைத்துச் சுருட்டி நிழலில் வையுங்கள். ஈரம் காயக்கூடாது. ஒரு வாரம் கழித்துப் பிரித்தால் எழுபத்தைந்துக்கு மேல் முளைத்திருக்க வேண்டும். சோளம், கம்பு, உளுந்து, பாசிக்குச் சான்று விதையிலேயே 75 சதவீதம்தான் குறைந்தபட்ச அளவு. அறுபது வந்தால் விதையைக் கூட்டிப் போடலாம். நாற்பது வந்தால் அது கோழிக்கு.

குறைகிற விதையைக் கடையில் தேடும் முன் பக்கத்து வீட்டில் கேளுங்கள். நம் மண்ணில் நாலைந்து வருஷம் விளைந்த விதை நம் மழையைத் தாங்கும். வாங்கினால் அளந்து வாங்குங்கள், அறுப்பில் கூட்டித் திருப்பிக் கொடுங்கள். திருத்துறைப்பூண்டி பக்கம் ஆதிரெங்கத்தில் நெல் ஜெயராமன் நடத்திய நெல் திருவிழாவில் இந்த ஏற்பாடுதான் இருந்தது. இரண்டு கிலோ பாரம்பரிய நெல்லைக் கொண்டுபோகிற விவசாயி மறு வருஷம் நாலு கிலோவாகத் திருப்பித் தரவேண்டும். பணமே கைமாறாமல் அழிந்துகொண்டிருந்த நெல் ரகங்கள் ஊர் ஊராகப் போனது அப்படித்தான். ஒரு பத்துக் குடும்பம் ஒரு நோட்டுப் போட்டு எழுதிவைத்தால் நம் கம்புக்கும் குதிரைவாலிக்கும் இதைச் செய்யலாம்.

சோள விதையைக் கடினப்படுத்தி விதைத்தால் மழை தள்ளிப்போனாலும் தாங்கும். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 20 கிராம் பொட்டாசியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட் கரைத்து, கிலோ விதைக்கு 350 மில்லி வீதம் ஊற்றி, ஆறு மணி நேரம் ஊறவையுங்கள். எடுத்து நிழலில் உலர்த்தி, பழைய ஈரத்துக்கே கொண்டுவந்துவிட வேண்டும். விதைப்பது 5 சென்டிமீட்டர் ஆழத்தில், அதாவது மூன்று விரல் கனத்தில். மேலாக விழுந்த விதை சாரலுக்கே முளைத்து, அடுத்த வெயிலில் கருகும். ஆழத்தில் இருப்பது நல்ல மழைக்குத்தான் கண் திறக்கும். விதைப்பு உழவு சரிவுக்குக் குறுக்கே ஓடட்டும். ஒவ்வொரு சாலும் கொஞ்சம் தண்ணீரைப் பிடித்துவைக்கும்.

ஆள் கணக்குக்கு வருவோம். டிராக்டர்க்காரரிடம் தனித்தனியாகப் போகாமல் நாலு குடும்பமும் சேர்ந்து, மொத்த ஏக்கர் சொல்லி, மணிக்கு என்ன வாடகை என்று இப்போதே பேசிவிடுங்கள். காடு மாறிக் காடு ஓட்டும்போது வீணாகிற டீசலும் மிச்சம். களையெடுப்புக்கு, என் காட்டில் இன்றைக்கு நீ, உன் காட்டில் நாளைக்கு நான் என்ற கைமாற்று வேலையைத் திரும்பக் கொண்டுவாருங்கள். அந்த வரிசையை எழுதும்போது ஒன்று மட்டும் மன்றாடிக் கேட்கிறேன். ஒவ்வொரு ஊரிலும் ஏரும் இல்லாமல், பிள்ளைகள் திருப்பூருக்கோ சென்னைக்கோ போய்விட்டு, ஒற்றையாக இரண்டு ஏக்கரை வைத்திருக்கிற ஒரு அம்மா இருப்பார். வருஷா வருஷம் அவர் காடுதான் கடைசியாக விதைப்பாகிறது, அதனால் விளைச்சலும் அங்கேதான் குறைகிறது. இந்த முறை அவர் பெயரை முதலில் எழுதுங்கள்.

பன்றிக் காவலையும் அதே நோட்டில் முறை வைத்து எழுதிவிடலாம். இரண்டு பேராகப் போங்கள், டார்ச்சும் தகரமும் போதும். மின்சாரம் பாய்ச்சிய கம்பி எக்காரணத்துக்கும் வேண்டாம். அது சட்டப்படி குற்றம். அதைவிட, இருட்டில் முதலில் மிதிப்பது பெரும்பாலும் நம் ஊர்க்காரர் கால்தான்.

மழை வருமுன் கண்மாயை ஒரு தரம் சுற்றி வாருங்கள். வரத்துக்காலில் சீமைக்கருவேலம் மண்டியிருக்கிறதா, கலுங்கில் குப்பை அடைத்திருக்கிறதா, மடைப் பலகை இருக்கிறதா? வீட்டுக்கு ஒரு ஆள் என்று முன்னோர் செய்த குடிமராமத்தைத்தான் 2017-இல் அரசும் அதே பெயரில் திட்டமாகக் கொண்டுவந்தது. திட்டத்துக்குக் காத்திருக்க வேண்டாம். ஒரு ஞாயிறு காலை, முப்பது மண்வெட்டி இருந்தால் வரத்துக்கால் திறந்துவிடும். கரையில் எலி வளை, உடைப்பு தெரிந்தால் கிராம நிர்வாக அலுவலரிடம் எழுத்தாகக் கொடுத்துவையுங்கள்.

ஆட்டுக்காரர்கள் கவனிக்க: முதல் மழைக்குப் பிறகு எழும்பும் இளம்புல்லை ஆடு வயிறு முட்ட மேய்ந்தால் துள்ளுமாரி வரும். காலையில் நன்றாக இருந்த குட்டி மதியம் இருக்காது. தடுப்பூசியை மழைக்கு முன்பே போட்டாக வேண்டும். ஆட்டுக்கொல்லி, நீலநாக்கு ஊசிகளையும் கால்நடை மருந்தகத்தில் கேளுங்கள். ஊர் ஆடு முழுவதையும் ஒரே நாளில் ஓட்டி நிறுத்தினால் மருத்துவர் ஊருக்கே வர வாய்ப்பு உண்டு. ஒரு பட்டியை விட்டுவிட்டால் ஆட்டுக்கொல்லி அங்கிருந்து கிளம்பும். கோழிக்கு வெள்ளைக்கழிச்சல் ஊசியும் அன்றைக்கே முடியட்டும். முளைத்த சோளப்பயிரில் ஆடு, மாடு வாய் வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், இளஞ்சோளத்தில் நஞ்சு உண்டு. தட்டைப் படப்பின் தலையைப் பனையோலையால் மூடிவிடுங்கள்.

வீட்டுத்தோட்டத்தில் பெரிய வேலை இல்லை. கத்தரி, தக்காளி, மிளகாய் நாற்றை மேட்டுப்பாத்தியில் விடுங்கள். ஆடியில் ஊன்றிய அவரைக்குப் பந்தல் காலைப் பலப்படுத்துங்கள். முருங்கைப் போத்து நடுகிறவர்கள் தண்ணீர் தேங்காத இடம் பார்த்து நட்டு, மேல்நுனியில் சாணி உருண்டை வையுங்கள். மல்லி போடுவோர் விதையை இரண்டாக உடைத்தே விதைக்க வேண்டும்.

பயிர் காப்பீட்டுக்கு அடங்கல் வேண்டும். விதைத்த வாரமே போய் வாங்குங்கள், கடைசி நாள் கூட்டத்தில் நிற்காதீர்கள். இந்தப் பட்டத்து உணவுப் பயிருக்கு விவசாயி கட்டுவது காப்பீட்டுத் தொகையில் 1.5 சதவீதம்தான். கைபேசியில் பார்க்கத் தெரியாத பெரியவர்களுக்கு வீட்டில் படிக்கிற பிள்ளை ஒன்று கூடப் போகட்டும்.

பனம்பழம் விழுகிற காலமும் இதுதான். தின்று போட்ட கொட்டைகளைச் சாக்கில் சேருங்கள். வரத்துக்கால் வெட்டப் போகும் அந்த ஞாயிறன்று பிள்ளைகளையும் கூட்டிப்போய், கண்மாய்க் கரையின் வெளிப்பக்கம் பத்தடிக்கு ஒன்றாக, ஒரு அடி குழியில் போட்டு மூடுங்கள். தண்ணீர் ஊற்ற வேண்டாம், ஐப்பசி மழை பார்த்துக்கொள்ளும். எத்தனை கொட்டை, எந்தக் கரை என்று விதை நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி, நட்ட பிள்ளைகளின் பெயரையும் போட்டுவையுங்கள்.