பிறர் பார்வையும் நம் மூளையும்

நோயாளியுடன் தங்கியிருப்போர் பலர், "டாக்டர் சொன்னபோது புரிந்தது, வெளியே வந்ததும் பாதி மறந்துவிட்டது" என்று கூறுவதுண்டு. இதனைத் தம் அறிவுக் குறைவாக எண்ணி வருந்த வேண்டியதில்லை. பிறர் நம்மை எடைபோடுகிறார்கள் என்ற உணர்வு, நலமாக இருப்பவரின் மூளையையும் பாதிக்கிறது.

1993-ஆம் ஆண்டு ஜெர்மனியின் ட்ரியர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதனை அளக்க ஒரு சோதனையை வகுத்தனர். நலமுள்ள ஒருவர், ஒரு குழுவினர் முன் 5 நிமிடங்கள் பேச வேண்டும். பின்னர் 1022-இலிருந்து பதின்மூன்று பதின்மூன்றாகக் கழித்துச் சொல்ல வேண்டும். பிழை நேர்ந்தால் மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். இதனால் உமிழ்நீரில் கார்டிசால் என்னும் ஹார்மோன் 2 முதல் 4 மடங்கு வரை உயர்ந்தது.

இத்தகைய சூழலில் நிகழ்வது என்ன? அச்சத்தை உணரும் அமிக்டலா என்ற பகுதி ஹைப்போதலாமஸைத் தூண்டுகிறது. அதிலிருந்து பிட்யூட்டரி சுரப்பிக்கும், அங்கிருந்து சிறுநீரகங்களின் மேலுள்ள அட்ரீனல் சுரப்பிகளுக்கும் செய்தி செல்கிறது. அவை கார்டிசாலைச் சுரக்கின்றன. கடும் அழுத்தத்தின்போது, நிதானமாகச் சிந்திக்கவும் கேட்டதை மனத்தில் நிறுத்தவும் உதவும் நெற்றிப் பகுதி மூளையின் செயல்திறன் குறைகிறது. மறதிக்கு இதுவும் ஒரு காரணம்.

புறக்கணிப்பும் அவ்வாறே. 2003-இல் அமெரிக்காவில் நடந்த ஓர் ஆய்வில், கணினிப் பந்து விளையாட்டிலிருந்து ஒதுக்கப்பட்டவர்களின் மூளை ஸ்கேன் செய்யப்பட்டது. உடல் வலியின் வேதனையோடு தொடர்புடைய ஒரு பகுதி அப்போது கூடுதலாக இயங்கியது. "மனம் நோகிறது" என்று நாம் சொல்வது வெறும் பேச்சன்று.

ஆறுதலான செய்தியும் உண்டு. அதே ஆண்டு வெளியான மற்றோர் ஆய்வில், ட்ரியர் சோதனைக்குத் தயாராகும்போது நெருங்கிய நண்பர் உடனிருந்தவர்களுக்குக் கார்டிசால் குறைவாகவே உயர்ந்தது.

ஆகவே, மருத்துவரைக் காண வரும்போது ஒருவரைத் துணைக்கு அழைத்து வாருங்கள். கேள்விகளை முன்னரே எழுதிக்கொள்ளுங்கள். மருத்துவர் கூறுவதை அங்கேயே குறித்துக்கொள்ளுங்கள். புரியாததை மீண்டும் கேட்கத் தயங்க வேண்டாம். உறவினர்களே, "இதுகூடவா நினைவில்லை?" என்று நோயாளியைக் கடிந்துகொள்ளாதீர்கள், அச்சொல்லே புதிய அழுத்தமாகிவிடும். மனச்சோர்வோ உறக்கமின்மையோ இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால் மருத்துவரிடம் தெரிவியுங்கள். பராமரிப்போருக்கும் இது பொருந்தும்.