உப்பும் நம் இதயமும்



குழுக் கடனைத் தவணை தவறாமல் கட்டுகிறோம். ஆனால் ரத்தக் கொதிப்பு மாத்திரையை? தலைசுற்றல் நின்றதும் நிறுத்திவிடுகிறோம். போலகத்தில் நம் குழுக்களிலும் இது நடக்குது. மாத்திரை போடுவதால்தான் கொதிப்பு அடங்கியிருக்கு. டாக்டர் சொல்லாமல் நிறுத்தினால் மறுபடி ஏறிவிடும்.

உப்பு என்ன செய்கிறது?

உப்பு கூடினால் உடம்பில் நீர் தங்கும். ரத்தத்தின் அளவு கூடி, குழாய்களை அழுத்தும். இதயம் கூடுதலாக உழைக்கணும். வருடக்கணக்கில் இப்படியே போனால் மாரடைப்பு, பக்கவாதம் வரலாம்.

எவ்வளவு போதும்?

ஒருவருக்கு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 4 பேர் உள்ள வீட்டுக்கு மாதம் 600 கிராம். உங்கள் வீட்டில் 1 கிலோ பாக்கெட் எத்தனை நாள் வருது? கருவாடு, ஊறுகாய், அப்பளத்தில் இருக்கும் உப்பு தனிக்கணக்கு!

கருவாட்டை விடச் சொல்லவில்லை. நன்றாக ஊறவைத்துக் கழுவி, குழம்பில் உப்பைக் குறைத்துப் போடுவோம். பழைய சோற்றுக்கு ஊறுகாய்க்குப் பதில் சின்ன வெங்காயம் கடிக்கலாம்.

ஆராய்ச்சி சொல்வது

சீனாவில் 600 கிராமங்களில் ஏறக்குறைய 21,000 பேரிடம் 5 வருடம் நடந்த ஆய்வு 2021-ல் வெளிவந்தது. கால் பங்கு பொட்டாசியம் கலந்த உப்பைச் சாப்பிட்டவர்களுக்குப் பக்கவாதம் 14 சதவீதம் குறைந்தது. ஆனால் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு இந்த உப்பு ஆபத்து. டாக்டரைக் கேட்காமல் வாங்க வேண்டாம்.

மீன் எண்ணெய் மாத்திரை வேண்டுமா?

அமெரிக்காவில் 25,871 பேரிடம் நடந்த ஆய்வு 2018-ல் வந்தது. மாரடைப்பு, பக்கவாதம், இதயநோய் மரணம் மூன்றையும் சேர்த்துப் பார்த்தபோது, அந்த மாத்திரையால் குறிப்பிடும்படி பலன் இல்லை. அந்தக் காசுக்கு மத்தி, காணாங்கெளுத்தி வாங்கிக் குழம்பு வைத்தால் வீடே சாப்பிடும்.

உடனே கிளம்ப வேண்டியது எப்போது?

நெஞ்சில் பாரம், மூச்சுத்திணறல், குளிர்ந்த வியர்வை, தாடை, முதுகு அல்லது கையில் வலி. பெண்களுக்கு நெஞ்சுவலி இல்லாமலும் மாரடைப்பு வரும். "வாய்வுதான்" என்று சமையலை முடித்துவிட்டுப் போகலாம்னு இருக்கக்கூடாது. 108-ஐக் கூப்பிடுங்கள்.

அடுத்த கூட்டத்துக்குள் செய்வோம்

1. 30 வயது தாண்டிய எல்லோரும் சுகாதார நிலையத்தில் ரத்த அழுத்தம் பார்ப்போம். 140/90 அல்லது அதற்கு மேல் இருந்தால் டாக்டரைப் பார்ப்போம்.
2. உப்புப் பாக்கெட் பிரித்த தேதியை அதன்மேல் எழுதி வைப்போம்.
3. மாத்திரையை நிறுத்திய உறுப்பினரைக் கையோடு அழைத்துப் போவோம்.

வீட்டில் எல்லோருக்கும் பார்த்துப் பார்த்துச் செய்யும் நாம், நம்மையும் கொஞ்சம் பார்த்துக்குவோம்!