குறித்த தேதிக்கு முன்பே வலி எடுத்துவிட்டால்

ஜோசியர் குறித்துக் கொடுத்தது வெள்ளிக்கிழமை. 10.30-க்கு ராகு காலம் தொடங்கிவிடும், அதற்குள் குழந்தை வெளியே வந்தாக வேண்டும். தியேட்டருக்குச் சொல்லியாயிற்று, மயக்க டாக்டரிடமும் பேசியாயிற்று. துணைக்கு இருக்கப்போகும் சித்தி வியாழன் ராத்திரி ரயிலில் வருகிறார். ஆனால் செவ்வாய்க்கிழமை ராத்திரி, எல்லாரும் சாப்பிட்டுப் படுத்த பிறகு, கர்ப்பிணிக்கு இடுப்பைப் பிடித்து இழுக்கிற மாதிரி ஒரு வலி. "அதான் ஆபரேஷனுக்கு நாள் குடுத்துட்டாங்களே, இப்ப எப்படி வலி வரும்?" என்று வீட்டில் யாராவது ஒருவர் கேட்பார்.

வரும். 39 வாரத்துக்கு நாள் குறித்தவர்களில் சுமார் பத்தில் ஒருவருக்கு அதற்கு முன்பே வலி வந்துவிடுகிறது. "அப்படியானால் 37-லேயே எடுத்துவிடலாமே" என்று கேட்பவர்கள் உண்டு. வேறு சிக்கல் இல்லாதபோது 39 வாரம் முடியட்டும் என்று டாக்டர்கள் காத்திருப்பது குழந்தையின் நுரையீரலுக்காக. அதற்கு முன்பு, வலியே வராமல் வயிற்றைத் திறந்து எடுத்த குழந்தைகளில் மூச்சுத் திணறி இன்குபேட்டருக்குப் போகிறவை அதிகம். பிரசவ வலி தொடங்கும்போது சுரக்கும் ஹார்மோன்கள்தான் நுரையீரலில் தேங்கிய நீர் வடிய உதவுகின்றன. ஆகவே நிறைமாதத்தில் வலி வந்த பிறகு சிசேரியன் நடந்தால் "வலியும் பட்டு, கத்தியும் பட்டாளே" என்று அங்கலாய்க்க வேண்டாம். அந்த வலி குழந்தைக்கு வீண்போவதில்லை.

பதற வேண்டுமா, நிதானமாகக் கிளம்பலாமா என்பதை ஒரே ஒரு கேள்விதான் தீர்மானிக்கிறது: உங்களுக்கு எதற்காகச் சிசேரியன்? தேதியும் நட்சத்திரமும் வீட்டில் எல்லாருக்கும் மனப்பாடமாக இருக்கும். காரணத்தைக் கேட்டால் "பாப்பா தலை சரியில்லையாம்", "கொடி சுத்தியிருக்காம்" என்று அரைகுறையாகப் பதில் வரும். (கொடி சுற்றியிருப்பது நான்கைந்து குழந்தைகளில் ஒன்றுக்குச் சாதாரணமாகக் காணப்படுவது, அது மட்டுமே சிசேரியனுக்குக் காரணம் ஆகாது. அதுதான் காரணம் என்று சொல்லப்பட்டிருந்தால் டாக்டரிடம் இன்னொரு முறை கேளுங்கள்.) 36-வது வாரச் செக்கப்பில் இரண்டு விஷயங்களைக் கேட்டு ஃபைலில் எழுதி வாங்கிவிடுங்கள். ஒன்று, காரணம். இன்னொன்று, தேதிக்கு முன்பே வலி வந்தால் என்ன திட்டம் என்பது. ராத்திரி டியூட்டியில் இருக்கும் டாக்டர் உங்களை முன்பின் பார்த்திருக்க மாட்டார். அந்த இரண்டு வரிதான் அவருக்கு உங்களைப் பற்றிச் சொல்லும்.

காரணங்களில் மிக ஆபத்தானது, நஞ்சு (பிளசென்டா) கீழே இறங்கிக் கர்ப்பப்பை வாயை மூடியிருப்பது. இவர்களுக்கு நாளே 36, 37 வாரத்தில்தான் குறிப்பார்கள். இவர்கள் வலிக்காகக் காத்திருக்கக் கூடாது. எந்த வலியும் இல்லாமல் ரத்தம் மட்டும் வரும். "வலி இல்லையே, விடியட்டும்" என்பது இங்கே சொல்லக் கூடாத வார்த்தை. ஒரு சொட்டு பட்டாலும் கிளம்ப வேண்டும், அதுவும் ரத்த வங்கி உள்ள மருத்துவமனைக்கு. முந்தைய சிசேரியன் தழும்பின் மீதே நஞ்சு ஒட்டியிருப்பதாக ஸ்கேனில் சொல்லியிருந்தால், கடைசி வாரங்களில் அந்த மருத்துவமனை உள்ள ஊரிலேயே தங்கிவிடுவது நல்லது.

குழந்தை தலை மேலாகவோ குறுக்காகவோ இருக்கிறவர்கள் பயப்பட வேண்டியது பனிக்குடம் உடைவதற்கு. தலை கீழே இருந்தால் அது வாயை அடைத்துக்கொள்ளும். தலை இல்லாத இடத்தில், தண்ணீர் பாயும்போது தொப்புள்கொடி நழுவி முன்னால் வந்துவிடலாம். கொடி நசுங்கினால் குழந்தைக்கு ரத்த ஓட்டம் குறையும். தண்ணீர் போனதும் நடமாடாமல் இடது பக்கமாகச் சாய்ந்து படுத்துக்கொண்டு வண்டிக்குச் சொல்லுங்கள். வழவழப்பான கயிறு போல எதுவும் வெளியே தட்டுப்பட்டால் அதைத் தொடாதீர்கள், உள்ளே தள்ளப் பார்க்காதீர்கள். முழங்காலிட்டு, முகமும் மார்பும் தரையில் படும்படி குனிந்து, இடுப்பை மேலே தூக்கி வைத்துக்கொள்ள வேண்டும். வண்டியில் ஏறியதும் இடுப்புக்கடியில் தலையணை வைத்து இடது பக்கம் படுக்கலாம். ஃபோனில் "கொடி வெளியே வந்துவிட்டது" என்று சொல்லிவிட்டால், நீங்கள் போய்ச் சேர்வதற்குள் தியேட்டர் தயாராக இருக்கும்.

மூன்றாவது, முதல் பிரசவம் சிசேரியனாகி இதற்கும் நாள் குறித்திருப்பவர்கள். நம் ஊரில் இவர்கள்தான் ஏராளம். 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் நூறில் கிட்டத்தட்ட 45 பிரசவங்கள் சிசேரியன். வலி வந்த மாத்திரத்தில் பழைய தையல் பிரிந்துவிடும் என்று நடுங்குகிறார்கள். கர்ப்பப்பையின் கீழ்ப்பகுதியில் குறுக்காகப் போட்ட ஒரே தழும்பு என்றால், பிரசவ வலியில் அது பிரிவது சுமார் 200 பேரில் ஒருவருக்குத்தான். அதற்காக வீட்டில் உட்கார்ந்து பார்க்கச் சொல்லவில்லை. வலிக்கும் வலிக்கும் நடுவே வயிறு தளரும்போதும் தழும்பு இடத்தில் விடாமல் வலித்தால், நன்றாக வந்துகொண்டிருந்த வலி சட்டென்று நின்றுவிட்டால், தோள்பட்டை வலித்தால், தலை சுற்றினால், ரத்தம் பட்டால், அது அவசரம். தழும்பு நெடுக்காகப் போட்டது என்றாலும் அவசரம். அதில் பிரியும் வாய்ப்பு பல மடங்கு அதிகம்.

இரட்டைக் குழந்தைகள் என்றால் நாளுக்கு முன்பே வரும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். 37 வாரத்தைத் தாண்டாதவர்கள்தான் பாதிக்கு மேல். விருப்பத்துக்காகவோ நல்ல நேரத்துக்காகவோ சிசேரியன் முடிவு செய்தவர்களுக்கு வலி வருவதில் தனியாக ஆபத்து எதுவும் இல்லை.

இனி அந்தச் செவ்வாய்க்கிழமை ராத்திரிக்கு வருவோம். பெரியவர்கள் முதலில் சொல்வது, "சூட்டு வலியா இருக்கும், கொஞ்சம் சீரகத் தண்ணி குடி." குடித்து அடங்கினால் சூட்டு வலி, அடங்காவிட்டால் பிரசவ வலி என்பது நம் வீடுகளின் பரிசோதனை. சீரகத் தண்ணீரில் குற்றமில்லை, அதன் பெயரால் கழிகிற இரண்டு மணி நேரம்தான் குற்றம். பொய் வலி நடந்தாலோ படுத்தாலோ மட்டுப்படும். மெய் வலி பின் இடுப்பில் ஆரம்பித்து முன்பக்கம் வந்து, வயிற்றைக் கல் போல இறுக்கி, பிறகு விடும். அடுத்தது இன்னும் சீக்கிரம், இன்னும் பலமாக வரும். சுகப்பிரசவத்துக்குக் காத்திருக்கும் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் "அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை வந்தா வா" என்று சொல்லியிருப்பார்கள். அது உங்களுக்கான கணக்கு அல்ல. சீராக இரண்டு மூன்று வலி வந்தாலே ஃபோன் செய்யுங்கள். விளக்கெண்ணெய் கொடுக்கிற பாட்டி யாராவது இருந்தால் அன்பாகத் தடுத்துவிடுங்கள்.

அந்த நிமிஷத்திலிருந்து சாப்பாடு வேண்டாம். "தெம்பு வேணுமில்ல" என்று ஊட்டிவிடும் நாலு இட்லிதான் மயக்க டாக்டருக்குத் தலைவலி. பெரும்பாலும் முதுகில் ஊசி போட்டுத்தான் ஆபரேஷன். ஆனால் அவசரத்தில் முழு மயக்கம் கொடுக்க நேர்ந்தால், வயிற்றில் இருப்பது மேலேறி நுரையீரலுக்குள் போய்விடலாம். அதனால்தான் அவசரமில்லாத ஆபரேஷனுக்குத் திட உணவு தின்று 6 மணி நேரம், வெறும் தண்ணீர் குடித்து 2 மணி நேரம் ஆகியிருக்க வேண்டும் என்கிறார்கள். தாகத்துக்கு ஒரு மடக்கு தண்ணீர் போதும். சாப்பிட்டிருந்தால் மறைக்காதீர்கள். ஆபரேஷன் தள்ளிப் போய்விடுமோ என்று பயந்து, "மத்தியானத்துலருந்து ஒண்ணுமே சாப்பிடல டாக்டர்" என்று உறவினர் சாதிப்பார். பக்கத்தில் நிற்கும் சின்னப் பையன் "அத்தை பரோட்டா சாப்பிட்டாங்களே" என்று போட்டு உடைப்பான். அந்தப் பையன் வாழ்க.

ரத்தம் உறையாமலிருக்க ஹெப்பாரின் வகை ஊசி போட்டுக்கொள்கிறவர்கள் வலி ஆரம்பித்ததும் அடுத்த ஊசியைப் போடாமல் மருத்துவமனையைக் கேளுங்கள். கடைசியாக எத்தனை மணிக்குப் போட்டீர்கள் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். குறைந்த அளவு ஊசிக்குப் பிறகும் 12 மணி நேரம் ஆகாமல் முதுகில் ஊசி போடத் தயங்குவார்கள். இன்சுலின் போடுகிறவர்களும் நேரத்தையும் அளவையும் சொல்ல வேண்டும்.

தண்ணீர் போனால் சுத்தமான நாப்கின் வைத்து நிறத்தைப் பாருங்கள். நிறமில்லாமலோ லேசான வைக்கோல் நிறத்திலோ இருந்தால் சரி. பச்சையாகவோ பழுப்பாகவோ இருந்தால் குழந்தை உள்ளேயே மலம் கழித்திருக்கிறது, ஃபோனிலேயே சொல்லிவிடுங்கள். குழந்தையின் அசைவு குறைந்திருந்தால் அதையும்.

நம் ஊருக்கே உரிய ஒரு சிக்கல், தாய் வீடு. செக்கப் எல்லாம் சென்னையில், வளைகாப்பு முடிந்து வந்திருப்பது தேவகோட்டைப் பக்கம் ஒரு கிராமத்துக்கு. ஆபரேஷன் பேசியிருப்பது அங்கிருந்து ஒன்றரை மணி நேரத் தூரத்தில். தேதி குறித்திருக்கிறதே என்ற நம்பிக்கையில் வழியைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை. நீங்கள் யோசியுங்கள். சிறிய நர்ஸிங் ஹோம் என்றால் மயக்க டாக்டர் அங்கேயே இருக்க மாட்டார், கூப்பிட்டால்தான் வருவார். "ராத்திரி 2 மணிக்கு வந்தால் அவர் வர எவ்வளவு நேரம் ஆகும்? ரத்தம் எங்கிருந்து வரும்? குழந்தை டாக்டர் இருப்பாரா? நீங்கள் ஊரில் இல்லாவிட்டால் யார்?" இவற்றை முன்பே கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது. பதில் மழுப்பலாக வந்தால் இடத்தை மாற்ற அப்போதே யோசிக்கலாம். டாக்டரின் செல் நம்பரோடு லேபர் வார்டு நம்பரையும் வாங்கிக்கொள்ளுங்கள். டாக்டர் தூங்கலாம், வார்டில் யாராவது விழித்திருப்பார்கள். அரசு மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் 24 மணி நேரமும் இயங்கும் சீமாங்க் (அவசரகாலத் தாய் சேய் சிகிச்சை) மையங்கள் இருக்கின்றன. உங்களுக்கு அருகில் இருப்பது எது என்று உங்கள் கிராம சுகாதார செவிலியருக்குத் தெரியும். வண்டி இல்லையென்றால் 108, கட்டணம் இல்லை. ரத்தப்போக்கோ கொடி நழுவியதோ என்றால், பேசி வைத்த இடத்தைவிட ஆபரேஷன் வசதியுள்ள அருகிலுள்ள இடம் மேல். தாய் சேய் நல அட்டை, பிக்மி (கர்ப்பப் பதிவு) எண், கடைசி ஸ்கேன், ரத்த வகை, பழைய டிஸ்சார்ஜ் சம்மரி எல்லாவற்றையும் ஃபோனில் படம் பிடித்து வைத்திருந்தால் எந்த வாசலிலும் விளக்கம் சொல்லி நிற்க வேண்டியதில்லை.

உள்ளே போனதும் வயிற்றில் பெல்ட் கட்டிக் குழந்தையின் இதயத் துடிப்பைப் பார்ப்பார்கள், கர்ப்பப்பை வாய் எவ்வளவு திறந்திருக்கிறது என்று பரிசோதிப்பார்கள், ரத்தம் எடுப்பார்கள். உங்களுக்குப் பின்னால் வந்தவரை முன்னால் தியேட்டருக்குத் தள்ளிக்கொண்டு போனால் சண்டைக்குப் போகாதீர்கள். இங்கிலாந்தின் நைஸ் வழிகாட்டுதல் சிசேரியனை அவசரத்தைப் பொறுத்து நான்கு வகையாகப் பிரிக்கிறது. தாய்க்கோ குழந்தைக்கோ உடனடி உயிராபத்து என்றால் முடிவெடுத்து 30 நிமிடத்துக்குள், அடுத்த வகைக்கு 75 நிமிடத்துக்குள் குழந்தையை எடுக்க முயல வேண்டும் என்கிறது. நாள் குறித்து வைத்திருந்து, வலி வந்து, நீங்களும் குழந்தையும் நலமாக இருக்கிறீர்கள் என்றால் நீங்கள் மூன்றாவது வகை. காக்க வைப்பது பல நேரம் உங்கள் வயிறு காலியாகட்டும் என்பதற்காகவும் இருக்கும்.

அப்போது கணவர் வீட்டார் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "வெள்ளிக்கிழமை வரைக்கும் வலியை நிறுத்தி வைக்க ஊசி போட முடியாதா?" முடியாது. வலியைத் தள்ளிப்போடும் மருந்துகள் பெரும்பாலும் 34 வாரத்துக்கு முன் வலி வந்தவர்களுக்கு. குழந்தையின் நுரையீரலுக்குப் போடும் ஸ்டீராய்டு வேலை செய்ய இரண்டு நாள் அவகாசம் கிடைக்கட்டும் என்று கொடுப்பது. நிறைமாதத்தில் நட்சத்திரத்துக்காக அதைக் கொடுக்கச் சம்மதிக்கிற டாக்டர் இருந்தால் அவரிடம் போகாதீர்கள்.

சில சமயம் போய்ச் சேர்வதற்குள் வாய் முழுக்கத் திறந்து, தலை நன்றாக இறங்கியிருக்கும். அந்த நிலையில் ஆபரேஷன் செய்வது எளிதல்ல. இறங்கிய தலையை மேலே எடுக்க வேண்டும், வெட்டிய இடம் கிழிந்து நீளலாம், ரத்தம் அதிகம் போகலாம். டாக்டர் "சுகப்பிரசவமாகவே பார்க்கலாம்" என்றால் அது ஏமாற்று அல்ல. ஒரு முறை சிசேரியனாகி, பொருத்தமானவர் என்று கண்டு சுகப்பிரசவத்துக்கு முயல்கிறவர்களில் நான்கில் மூவருக்கு அது கைகூடுகிறது. தலை மேலாக இருந்த குழந்தை கடைசி வாரத்தில் தானே திரும்பியிருப்பதும் உண்டு. ஆகவே கத்திக்கு முன் இன்னொரு முறை ஸ்கேன் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். நஞ்சு வாயை மூடியிருப்பவர்களுக்கும் நெடுக்குத் தழும்பு உள்ளவர்களுக்கும் இந்தப் பேச்சே இல்லை. மற்றவர்கள் ஒப்புக்கொள்ளலாம், மறுக்கலாம், "இப்போது எது பாதுகாப்பு, ஏன்?" என்று கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

எப்படிப் பிறந்தாலும் முதல் ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் கொடுங்கள். சர்க்கரைத் தண்ணீரோடும் தேனோடும் நிற்பவர்களை அறைக்கு வெளியே நிறுத்துங்கள். வீட்டுக்குக் கிளம்பும் நாளில் டிஸ்சார்ஜ் சம்மரியை வாங்கியதும் அங்கேயே படியுங்கள். ஆபரேஷன் வலியின் எந்தக் கட்டத்தில் நடந்தது, கர்ப்பப்பையில் வெட்டு குறுக்கா நெடுக்கா, அது கிழிந்து நீண்டதா என்ற மூன்றும் அதில் இருக்க வேண்டும். தோலின் மேல் தெரியும் தழும்பைப் பார்த்து உள்ளே போட்ட வெட்டைச் சொல்ல முடியாது. அடுத்த பிரசவத்தைப் பார்க்கப்போகும் டாக்டர் முதலில் தேடப்போவது அந்த வரிகளைத்தான். இல்லையென்றால் எழுதிக் கொடுக்கும்வரை பில் கவுண்டரை விட்டு நகராதீர்கள்.